நூற்றைம்பத்து நான்கு அங்குலம்

என் மகள் சிக்னி, புதுப் பனிவண்டிக்கு நூற்றைம்பத்து நான்கு அங்குலப் பட்டை போதும் என்று லவோனின் கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"சரிவுப் பந்தயப் பலகையில ரெண்டு வருஷமா ஹஃப்னர் குடும்பத்துப் பேரு நிக்குது. அவங்க பையன் ஓட்டுறது நூத்தி எழுபத்தஞ்சு. நீ நூத்தம்பத்து நாலு எடுத்துட்டு எங்க போகப் போற? தபால் பெட்டிக்கா?"

"தபால் பெட்டிக்கு நடந்தே போவேன்பா."

யாரோ அலமாரிக்குப் பின்னால் சிரித்தார்கள். லவோன் சிரிக்கவில்லை. கணவன் இறந்த பிறகு இருபது வருடமாகப் பனிவண்டி விற்பவள். கடைக்குள் தகப்பனும் பிள்ளையும் சண்டை போட்டால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று தெரிந்தவள். "எடை என்ன சிக்னி?" என்று மட்டும் கேட்டாள்.

"நனைஞ்ச கோட்டோட நூத்தி இருபத்தஞ்சு பவுண்டு."

"எழுபத்தஞ்சு உனக்கு ரொம்ப நீளம். ஹால்வர், நடுவுல ஒண்ணு இருக்கு, நூத்தி அறுபத்தஞ்சு."

"நடுவுல இருக்கிறதுக்கு பலகையில இடம் கிடையாது" என்றேன்.

எங்கள் ஊரில் பட்டையின் நீளம் குடும்ப விஷயம். வண்டிக்கு அடியில் ஓடும் அந்த ரப்பர் பட்டை நீளமாக இருந்தால் ஆழப் பனியில் மிதக்கும், தோண்டாது, நேராக மேலே போய்க்கொண்டே இருக்கும். குட்டையாக இருந்தால் சொன்ன பேச்சைக் கேட்டு வளையும். ஆனால் வேகம் குறைந்த நொடியில் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும். சிலேட்டுச் சரிவில் பெயர் வாங்குவது ஏறுகிற வண்டி. இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

சிக்னி குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். முப்பத்து மூன்று வயது. வாதம் செய்யும்போது குரலை உயர்த்த மாட்டாள், அது அவள் அம்மாவின் குணம்.

"ஏறுறதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு நீங்க பாக்கறீங்க. மாட்டிக்கிட்டா நான் ஒருத்தியா இழுத்துத் திருப்புறதுக்கு எவ்வளவு நீளம்னு நான் பாக்கறேன்."

"நாம ஓடெகார்டுங்க. ஓடெகார்டுங்க மாட்டிக்கறதில்ல."

"அப்ப நீங்களே ஓட்டுங்க."

என் முழங்கால்கள் இரண்டும் உலோகம். அது அவளுக்கும் தெரியும், கடைக்கும் தெரியும். நான் கோப்பையை எடுத்து மீதியைக் குடித்தேன். லவோன் நூற்றைம்பத்து நான்கை எழுதிக்கொண்டாள்.

சிலேட்டுச் சரிவு ஊருக்கு மேற்கே இருக்கிறது. பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை, குடும்பத்துக்கு ஒருவர் கீழிருந்து ஏறுவார். எவ்வளவு மேலே போய் வளைந்து திரும்புகிறாரோ அதுதான் அவர் கோடு. மேலே கோடு போட்டவரின் குடும்பப் பெயரை ஊர் கூடும் லாட்ஜில் இருக்கும் பைன் மரப் பலகையில் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். அந்தப் பலகையின் முதல் பெயர் என் தகப்பனார் வாங்கியது. அதன் கீழே அதே பெயரை நான் ஒன்பது முறை வாங்கியிருக்கிறேன்.

அதே சுவரில் விதிகளும் மாட்டியிருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவர்தான் சரிவில். மற்றவர்கள் பக்கத்து மர வரப்பில், எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். ஏறியவர் வண்டியை விட்டு இறங்கினால் கோடு செல்லாது. கடைசி விதி: மாட்டிக்கொண்டவரைத் தேடி எவரும் மேலே போகக் கூடாது. அதை ஊரில் ஓடெகார்டு விதி என்பார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையை இங்கே எல்லோரும் அறிவார்கள், ஆனால் பேசுவதில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு டெனி ஹஃப்னர் அந்தச் சரிவில் மாட்டிக்கொண்டான். அவன் அண்ணன் வெண்டல் உதவிக்குப் போக வண்டியை முடுக்கினான். இரண்டாவது வண்டியின் எடைதான் சரிவின் பனியை உடைத்து மொத்தமாகக் கீழே தள்ளும். இதை நான் மூன்று இழவு வீட்டில் கற்றிருந்தேன். அன்று மலையில் பொறுப்பு என்னுடையது. வெண்டலின் மேலங்கியோடு அவன் வண்டியைப் பிணைத்திருந்த நிறுத்துக் கயிற்றைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கயிறு இல்லாமல் வண்டி உறுமாது. கால் மணி நேரம் சரிவு அசையாமல் நின்றது. பிறகு இறங்கியது. டெனியை மாலையில் எடுத்தோம்.

கால் மணி நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வண்டியைத் தோண்டித் திருப்பிவிடலாம் என்பது வெண்டலின் கணக்கு. அவன் போயிருந்தால் முதல் நிமிடத்திலேயே இருவரும் போயிருப்பார்கள் என்பது என் கணக்கு. அன்று முதல் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் போய்ப் பேசவில்லை. சரியானதைச் செய்தவன் வாசல் வாசலாகப் போய் நிற்பதில்லை.

சிக்னி புது வண்டியோடு வந்த சனிக்கிழமை காலையும் நான்தான் மலைப் பொறுப்பு. வரப்பின் ஓரத்தில் குழி தோண்டினேன். பனி அடுக்குகளை மண்வெட்டியால் தட்டிப் பார்த்தேன். கீழே சர்க்கரை மாதிரி உதிரும் அடுக்கு ஒன்று இருந்தது, ஆனால் மெல்லியது. தட்டினால் பிடித்து நின்றது. வெண்டலும் குனிந்து பார்த்தான். என்னைப் பார்க்காமல் பனியைப் பார்த்துத் தலையசைத்தான். "போகலாம்" என்று சொன்னேன்.

டெனியின் மகன் கோல்பி முதலில் ஏறினான். இருபத்தாறு வயது, தகப்பனின் தோள். அவனுடைய நூற்று எழுபத்தைந்து ரயில் மாதிரி நேராகப் போனது. எங்கள் கோடுகள் இருந்த உயரத்தையெல்லாம் தாண்டிப் போய், பெரிய அகலமான வளைவு போட்டுத் திரும்பினான். வரப்பில் நின்றவர்கள் கையுறைகளைத் தட்டினார்கள்.

அவன் வந்து வண்டியை நிறுத்தி, சிக்னியைப் பார்த்துச் சொன்னான்: "கொஞ்சம் இடம் விட்டு வச்சிருக்கேன். உன் வண்டி சின்னது, போதும்."

"உனக்குத் திரும்பவே அரை மாவட்டம் வேணுமே கோல்பி. அதான் விட்டிருக்க" என்றாள் சிக்னி.

அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டாள். முதுகில், பனி சரிந்தால் இழுத்து ஊதச் செய்யும் காற்றுப்பையின் கைப்பிடியை வெளியே எடுத்து விட்டாளா என்று பார்த்தேன். விட்டிருந்தாள். குட்டைப் பட்டையோடு வந்தவளுக்கு வாழ்த்துச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

நேராக ஏறவில்லை அவள். இடது பக்கப் பாறையை ஒட்டி, வண்டியை ஒரு சாய்வில் பிடித்து, குறுக்கு வாக்கில் படிப்படியாகத் தையல் போடுவது போல மேலே போனாள். கோல்பியின் கோட்டுக்குச் சமமாக வந்தாள். தாண்டினாள். ஒரு வண்டி நீளம் மேலே போயிருப்பாள். அங்கே பாறைக்குப் பின்னாலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டிய பனி பலகைபோல இறுகிக் கிடந்தது. கீழே நான் தோண்டிய குழியில் அது இல்லை. முன்சறுக்குகள் அந்தப் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. பட்டை சுழன்றது. குழி வெட்டியது. எஞ்சின் இரண்டு முறை அலறி அடங்கியது. மூக்கு மேலே, வால் பனிக்குள், அப்படியே நின்றுவிட்டாள்.

'நூற்று எழுபத்தைந்தாக இருந்தால் அதற்கு மேலேயே போயிருக்கும்.' முதலில் என் மனதில் ஓடியது இதுதான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிதில்லை. வீட்டுக்குள் யாரோ மெத்தை மேல் உட்கார்ந்தது போல. அவள் வெட்டிய குழியிலிருந்து வலப்புறமாக ஒரு கோடு ஓடியது, பென்சிலால் இழுத்தது மாதிரி. ஓடி, சரிவின் பாதியில் நின்றது.

வரப்பில் நின்றவர்கள் ஓர் எட்டு மரங்களுக்குள் பின்வாங்கினார்கள்.

ரேடியோவைப் பிடித்தேன். "சிக்னி. வண்டிய விட்டுட்டு நடந்து வா."

"விரிசல் எனக்கும் தெரியுதுப்பா."

"தெரிஞ்சா இறங்கி வா."

"இடுப்பளவு பனி. நடந்தா அந்தக் கோட்ட நானே காலால கிழிச்சுக்கிட்டு வரணும். வண்டிய இடது பக்கமாத் திருப்பிட்டா பாறை ஓரமா ஒரே மூச்சுல வந்துருவேன்."

"தனியா அத எப்படித் திருப்புவ? நான் சொல்றதக் கேளு—"

"அப்பா. நீங்க பேசாதீங்க. உங்க குரல் ஆடுது. வெண்டல் இருக்காரா? அவரு பேசட்டும். விரிசலப் பாத்துச் சொல்லட்டும்."

எனக்கு அறுபத்தொன்பது வயது. என் குரல் ஆடுகிறது என்று ஊர் முழுக்கக் கேட்கும் அலைவரிசையில் என் மகள் சொன்னாள். வெண்டல் தன் ரேடியோவை எடுத்தான். "இருக்கேன் சிக்னி. பாத்துட்டேதான் இருக்கேன். கோடு நிக்குது. மெதுவாச் செய்."

இந்த நேரத்தில்தான் கோல்பி வண்டிமேல் ஏறினான். "நான் போறேன். என் வண்டி அங்க மிதக்கும், மாட்டாது. ஒரே இழுப்பு, அவள வெளிய எடுத்துடலாம்."

அவன் சொன்னது பொய்யல்ல. அவன் வண்டி மிதக்கும். இந்த மலையில் இறந்தவர்களில் பாதிப் பேர் இப்படி மிதக்கும் வண்டியில் உதவிக்குப் போனவர்கள். நீளம் குழியைத் தவிர்க்கும், எடையைத் தவிர்க்காது.

எஞ்சின் உறுமியது. வெண்டல் இரண்டு எட்டில் போய், கோல்பியின் மார்பிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடுங்கினான். எஞ்சின் செத்தது.

"பெரியப்பா, கயிறக் கொடுங்க."

"இறங்கு."

"எங்கப்பா மேல இருந்தப்பவும் இப்படித்தானே எல்லாரும் நின்னீங்க. கொடுங்க."

"தெரியும். நான் அங்கதான் நின்னேன்" என்றான் வெண்டல். "இறங்குடா."

கோல்பி இறங்கினான். பனியில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

வெண்டல் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் முகத்தை அல்ல, கையை. நானும் அப்போதுதான் பார்த்தேன். நான் என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வலது கையுறை கழன்று கிடந்தது. கட்டை விரல் தொடக்கப் பொத்தானின் மேல் இருந்தது. எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் விரல் எனக்குக் கட்டுப்படாமல் அங்கே போயிருந்தது.

வெண்டல் என்னிடம் வரவில்லை. கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் முழுதாக யோசித்தேன். சரிவு உடையலாம், உடையாமலும் போகலாம், அதை விடுங்கள். டெனி ஒரு விதிக்காக அங்கே தனியாக விடப்பட்டான் என்று இந்த ஊர் பதினோரு வருடமாக நம்பி வந்திருக்கிறது. வெண்டல்கூட அதைத்தான் வெறுத்தான். நான் இப்போது மேலே போனால், அது விதி அல்ல என்றாகும். டெனி என் பிள்ளை இல்லை, அதனால் விட்டேன் என்றாகும். அதற்கப்புறம் பலகையில் இருக்கும் எங்கள் பெயரை விறகடுப்பில் போட்டாலும் அந்தக் கறை போகாது.

மேலே என் பெண் மண்டியிட்டு வண்டியின் வாலைச் சுற்றிப் பனியைக் கையால் வாரிக்கொண்டிருந்தாள்.

என் மேலங்கியிலிருந்து கொக்கியைக் கழற்றினேன். வண்டியிலிருந்து கயிற்றை உருவினேன். விரல்கள் விறைத்திருந்ததால் இரண்டு முறை தவறியது. வெண்டலிடம் நீட்டினேன்.

"இத நீ வச்சுக்கோ."

வாங்கிக்கொண்டான். கோல்பியின் கயிறு இருந்த பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்தான். பிறகு சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான் வண்டியை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன். வேறு செய்ய எதுவும் இல்லாத மனிதன் நிற்கிற மாதிரி நின்றேன்.

சிக்னி வண்டியை இழுக்கவில்லை. ஆண்கள் முதலில் இழுப்பார்கள், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அவள் வாலுக்குக் கீழே பனியை வாரி வெறுமையாக்கினாள். பிறகு மேல் பக்கத்தில் நின்று, முரட்டுக் குதிரையின் விலாவில் சாய்வது போல வண்டியின்மேல் தன் எடையைச் சாய்த்தாள். அது பக்கவாட்டில் படுத்தது. ஒரு பிடி பனி உருண்டு விரிசலைத் தாண்டிப் போனது.

"நில்லு" என்றான் வெண்டல் ரேடியோவில்.

அவள் நின்றாள். பனி உருண்டை எங்கோ போய் ஓய்ந்தது.

"கோடு அப்படியே இருக்கு. செய்."

முன்சறுக்கின் வளையத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். வண்டி கால்வாசி திரும்பியது. ஓய்ந்தாள். மறுபடி சாய்ந்தாள்.

"வால் இடிக்குதா?" என்று வெண்டல் கேட்டான்.

"இல்ல. குழிக்குள்ளயே சுத்துது. மயிரிழைதான்."

அந்தக் குழியின் அகலம் எங்களுக்குக் கீழேயிருந்து தெரிந்தது. இன்னும் ஒரு சாண் வால் இருந்திருந்தால் அது அந்தக் குழிச்சுவரில் முட்டி நின்றிருக்கும். அந்தச் சுவரைத் தோண்டினால் விரிசலைத் தோண்டியது போல. நான் அவளுக்கு வாங்கித் தர நினைத்த வண்டிக்கு அந்த ஒரு சாண் இருந்தது. வெண்டலும் அதைப் பார்த்தான் என்று அவன் தாடை இறுகியதில் தெரிந்தது. அவன் வேறு ஒரு வண்டியையும் பார்த்திருக்க வேண்டும்.

மூக்கு கீழ்நோக்கி வந்தது. வண்டியை நிமிர்த்தி ஏறினாள். "வரேன்" என்றாள்.

"பாறைய ஒட்டி வா. பிரேக் பிடிக்காத. விட்டு வா" என்றான் வெண்டல்.

விட்டு வந்தாள். பாறை ஓரமாக, பின்னால் வெள்ளைப் புகை எழ, நாங்கள் நின்ற வரப்பின் மரங்களுக்குள் வந்து நின்றாள். சரிவு அசையவில்லை.

சிக்னி தலைக்கவசத்தைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என் பிளாஸ்கை எடுத்துத் திறக்கப் பார்த்தாள்; முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன்.

"ஓடெகார்டுங்க மாட்டிக்கறதில்லன்னீங்க" என்றாள்.

"குட்டை வண்டி. அதான் மாட்டுச்சு."

"அதான் வந்துச்சு."

அவள் தோளில் கை வைத்தேன். மேலங்கிக்கு மேலேதான்.

அதற்குள் ஹஃப்னர்கள் கிளம்பிவிட்டார்கள். வெண்டல் கோல்பியின் கயிற்றைக் கொடுத்துவிட்டான். என்னுடையது அவன் பையிலேயே போனது. நான் கூப்பிடவில்லை. என் வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டு, சிக்னியின் பின்னால், அந்த நூற்றைம்பத்து நான்கின் குட்டை இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் வந்தேன். தபால் நிலைய வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

லாட்ஜில் மான்கறிச் சாறு பரிமாறும்போது சிலர் சொன்னார்கள், சிக்னியின் கோடுதான் மேலே, ஓடெகார்டு என்றே எழுதலாம் என்று. நான் எழுந்தேன். "அவ வண்டிய விட்டு இறங்கினா. கோடு செல்லாது. ஹஃப்னர்னு எழுதுங்க." சிக்னி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினாள். சூட்டுக்கோல் பைனில் புகைந்த வாசனை இரவு வரை இருந்தது.

மறுநாள் காலை பார்த்தபோது சிலேட்டுச் சரிவின் பனி முழுதும் கீழே கிடந்தது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் எல்லோருடைய கோடுகளும் அதோடு போயிருந்தன.

ஏப்ரலில் அடுத்த குளிர்காலத்துக்கான வண்டிகளுக்குச் சொல்லி வைப்பது எங்கள் வழக்கம். லவோனின் கடையில் நான் நின்றிருந்தேன். வெண்டல் உள்ளே வந்தான். கல்லாவில் என் கயிற்றை வைத்தான்.

"உன்னோடது."

பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"தெரியும்" என்றேன்.

"ரெண்டு மாசமாச்சு. கேக்கவே இல்லையே."

"கொடுத்தத திருப்பிக் கேக்குற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

"உங்க வீடு." அவன் மூக்கால் சிரித்தான். அப்புறம் கயிற்றையே பார்த்துக்கொண்டு பேசினான். "டெனி வண்டி நூத்தி அறுபத்திரெண்டு. அந்தக் காலத்துல அதுதான் நீளம். நான்தான் வாங்கச் சொன்னேன். கடைசி வரைக்கும் அவன் அதத் திருப்பத்தான் பாத்தான் ஹால்வர். வால் வரல. நான் போயிருந்தா வந்திருக்கும்."

லவோன் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

இதற்கு என்னிடம் பதில் எப்போதும் தயாராக இருந்தது. பதினோரு வருடமாகத் தயாராக இருந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

வெண்டல் ஒரு கோப்பையை எடுத்துத் தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டான். "இல்லாமலும் இருக்கலாம்" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு பேரும் முடிச்சாச்சா?" என்றாள் லவோன். "நீளத்தச் சொல்லுங்க. எனக்குச் சாப்பாட்டு நேரம்."

"கோல்பிக்கு எதுன்னு அவனே வந்து சொல்லுவான்" என்றான் வெண்டல்.

"சிக்னியும் வந்து சொல்லுவா" என்றேன். கயிற்றை எடுத்து மேலங்கியில் மாட்டிக்கொண்டேன். "ஆனா நூத்தி அறுபத்தஞ்சு ஒண்ணு கிடைக்குமான்னு மட்டும் கேட்டு வை."